பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு சுற்று: திண்டுக்கல் பக்கத்துத் தோட்டங்கள்

முதல் நாள்: நிலக்கோட்டை

மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் வாடிப்பட்டி வரைக்கும் பெரியாறு வாய்க்காலின் புண்ணியத்தில் இரு பக்கமும் பச்சை. நெல், தென்னை, நடுவில் கொஞ்சம் வாழை. அம்மையநாயக்கனூர் தாண்டியதும் அது முடிந்துவிடுகிறது. அதன் பின் கிணற்றில் தண்ணீர் இருப்பவருக்குப் பூ, இல்லாதவருக்குச் சீமைக்கருவேலம். மாசி வெயில் இன்னும் கடுமையாகவில்லை. ஆனாலும் பஸ்ஸின் தகரக் கூரை மதியம் இரண்டு மணிக்குத் தன் வேலையைக் காட்டியது.

கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. 10 வாட், 40 வாட் என்று வீட்டுக் கூரையிலும் கிணற்று மேட்டிலும் கட்டுக்கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்களே, அந்தப் பேனல்கள்தான் என் சங்கதி. மின் இணைப்பு இல்லாத சிறு விவசாயிகள் வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும் தாங்களாகவே என்ன செய்துகொள்கிறார்கள் என்று பார்க்கத்தான் இந்தச் சுற்று. பையில் ஒரு மல்ட்டிமீட்டர், ஒரு திருப்புளி, இன்சுலேஷன் டேப்.

தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்றே, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று வெளிமாநில நண்பர்கள் கேட்பதுண்டு. இலவசம் என்பது இணைப்பு கிடைத்தவருக்கு. மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அதைவிடச் சிக்கல் குத்தகைக்காரர் நிலை. பட்டா உடைமைக்காரர் பெயரில் இருக்கும், இணைப்பும் அவர் பெயரில்தான் வரும். நாற்பது சென்ட் குத்தகைக்கு எடுத்து மல்லி வைத்திருப்பவர் எந்த அலுவலகத்தில் போய் எதைக் கேட்பார்?

அப்படி ஒரு குடும்பத்தின் வீட்டுத் திண்ணையில்தான் இன்றிரவு படுக்கை. ஊருக்கு வெளியே தோட்டத்தை ஒட்டியே வீடு. நண்பர் ஒருவர் சொல்லிவைத்திருந்தார். இரவுச் சாப்பாடு ஏழரைக்கே முடிந்துவிட்டது. "நாலு மணிக்கு எழுப்புவேன், வர முடியுமா தம்பி?" என்று வீட்டுக்கார அக்கா கேட்டார். வருகிறேன் என்றேன். மற்றதை நாளை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள்: நெற்றி விளக்கு

மல்லியை விடிந்த பிறகு பறிக்கலாமே என்று நினைப்பவர்கள் பூக்கடையில் மட்டும் மல்லியைப் பார்த்தவர்கள். அன்று மாலை விரியப்போகிற மொட்டைத்தான் பறிக்க வேண்டும். நாளை விரியப்போகிற மொட்டு பச்சையோடி இருக்கும், இன்று விரியப்போகிறது வெளுத்துப் பருத்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் பறித்து, சந்தை கூடுகிற நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் விலை. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். குறியீடு வந்ததற்காக யாரும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவில்லை.

நாலேகாலுக்குத் தோட்டத்தில் நின்றோம். அக்கா, அவர் கணவர், கூலிக்கு வந்த பெண்கள் நால்வர். ஆளுக்கொரு விளக்கு நெற்றியில். இடுப்பளவுச் செடிகளுக்கு நடுவே குனிந்தபடி போகிறார்கள். வெளிச்சம் ஒரு சாண் அகலத்துக்குத்தான் விழுகிறது. அது போதும். விரலும் கண்ணும் வெளிச்சமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தலையைத் திருப்பினால் விளக்கும் திரும்புகிறது.

வரப்பு முனையில் ஒரு கம்பம் நிற்கிறது. உச்சியில் பேனலும் விளக்கும். ஏதோ ஒரு திட்டத்தில் வந்ததாம். "அதில் பறிக்க முடியாது தம்பி. என் நிழலே செடி மேல் விழுகிறது" என்றார் அக்கா. செடியின் உள்பக்கத்து மொட்டுகள் அப்படியே இருட்டில் கிடக்கும். இப்போது அந்தக் கம்பத்தில் ஆடு கட்டுகிறார்கள். பறிக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பணத்தில் ஊர் முழுவதற்கும் நெற்றி விளக்கு வாங்கியிருக்கலாம்.

சரி, இந்த நெற்றி விளக்குகள் ஏன் ஒரு வருடத்துக்கு மேல் நிற்பதில்லை? எட்டு மணிக்குப் பறிப்பு முடிந்ததும் செத்துப்போன பழைய விளக்கு ஒன்றைத் திண்ணையில் வைத்துத் திறந்தேன். உள்ளே நாலு வோல்ட் ஈய பேட்டரி, வயிறு உப்பி இருந்தது. இது எப்படிச் சாகிறது என்பது தோட்டத்துக் கணக்கிலேயே இருக்கிறது. கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிடுவார்கள். அதன் பிறகு தளிர்த்து மொட்டு வைக்கும் வரை விளக்குக்கு வேலை இல்லை. அது பரணில் காலியாகக் கிடக்கும். சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் ஈய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிக்கொள்ளும், பிறகு என்ன சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது. பூ வரும்போது விளக்கு போய்விட்டிருக்கும். மறுபடி சந்தையில் ஒன்று வாங்குவார்கள்.

இப்போது இந்த வீட்டில் எரிபவை நிலக்கோட்டையில் டிவி பழுது பார்க்கும் ஒருவர் மாற்றிக்கொடுத்தவை. ஈய பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு 18650 என்கிற உருளை லித்தியம் பேட்டரியை வைத்திருக்கிறார். பதினெட்டு மில்லிமீட்டர் தடிமன், அறுபத்தைந்து நீளம், அதுதான் அந்த எண். சார்ஜ் 4.2 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் குட்டிச் சுற்றுப்பலகை ஒன்றும் கூடவே ஒட்டப்பட்டிருக்கிறது. இதில் அவரைப் பாராட்ட வேண்டும். அந்தப் பலகை இல்லாமல் பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்துப் போட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை நெற்றியில் கட்டிக்கொள்வதற்கு முன் இரண்டு முறை யோசிக்கலாம். என்னைக் கேட்டால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை இன்னும் நல்லது. கொஞ்சம் பருமன், ஆனால் சூட்டைத் தாங்கும்.

கூரையில் ஒரே ஒரு 10 வாட் பேனல். ஆறு விளக்குக்கு அது போதுமா என்று நான் சந்தேகப்பட்டேன். கணக்குப் போட்டால் சரியாகத்தான் வருகிறது. ஒரு விளக்கு ஒரு வாட், நாலு மணி நேரம் எரிந்தால் நாலு வாட்-மணி. ஆறுக்கு இருபத்துநாலு. இந்தப் பக்கத்து வெயிலில் 10 வாட் பேனல் ஒரு நாளைக்கு நாற்பது வாட்-மணியாவது தரும், வழியில் கொஞ்சம் இழந்தாலும் மிச்சம்தான். மேகம் மூடும் ஐப்பசி, கார்த்திகையில் திணறும். ஆனால் அப்போது பறிக்கப் பூவும் அவ்வளவு இருக்காது.

பேனலைத் தெற்குப் பார்த்துச் சாய்த்திருக்கிறார்கள். பத்து, பதினைந்து டிகிரி இருக்கும். நம் அட்சரேகைக்கு அதற்கு மேல் தேவையில்லை, மழை பெய்தால் தூசு வழிந்து போகிற அளவுக்குச் சரிவு இருந்தால் சரி. முருங்கைக் கிளை ஒன்றின் நிழல் மட்டும் காலையில் ஒரு மூலையில் விழுந்தது. செல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒரு செல்லை மறைத்தாலே மொத்தமும் சுருங்கும். மல்ட்டிமீட்டரை வைத்து, கிளையைப் பிடித்துக்கொண்டும் விட்டும் காட்டினேன். மதியத்துக்குள் கிளை அடுப்புக்குப் போயிருந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் மொட்டுப்புழுவுக்காகச் சோலார் விளக்குப் பொறி வைத்திருந்தார்கள். இரவு முழுக்க எரிகிறது. அது வேண்டாம். நல்லது செய்கிற பூச்சிகளும் சேர்ந்து விழும். பத்து மணியோடு அணைத்துவிடுங்கள் என்றேன். "அதை அணைக்கப் பொத்தானே இல்லையே ஐயா" என்றார் தோட்டக்காரர். பார்த்தேன், உண்மைதான். இருட்டினால் எரியும், விடிந்தால் அணையும். உள்ளே ஒரு சுவிட்ச் வைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாம் நாள்: சிறுமலை

திண்டுக்கல்லிலிருந்து காலைப் பஸ். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள், பதினெட்டிலும் நடத்துநர் டிக்கெட் கிழித்துக்கொண்டே நின்றார். மேலே வாழை, எலுமிச்சை, காப்பி, மிளகு, சௌசௌ. சிறுமலை வாழைக்கு 2008இலேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது. சாலை இல்லாத தோட்டங்களிலிருந்து இன்னும் குதிரைகள்தான் சுமை இறக்குகின்றன.

இங்கே தண்ணீருக்கு மோட்டார் வேண்டியதில்லை. மேலே பாறை இடுக்கில் ஊற்று, கீழே தோட்டம், நடுவில் கறுப்பு ஹோஸ். பத்து மீட்டர் உயரம் இறங்கினால் ஒரு கிலோ அழுத்தம், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. நான் பார்த்த தோட்டத்துக்கு ஊற்று ஏறக்குறைய இருபது மீட்டர் மேலே இருக்கிறது. இரண்டு கிலோ வந்தால் ஒரு சின்ன ஸ்பிரிங்க்ளரே சுற்றும். பேனலும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

ஆனால் ஹோஸைப் போட்டதும் தண்ணீர் வந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. தோட்டத்துப் பெரியவர் என்னை ஹோஸ் போகும் வழி முழுக்க நடத்திக் கூட்டிப்போனார். ஹோஸ் நேராக இறங்குவதில்லை. பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஏறி, மறுபடி இறங்குகிறது. மேட்டு உச்சியில் ஹோஸுக்குள் காற்று தேங்கிக்கொள்ளும். மேலே ஊற்று நிரம்பி வழிந்துகொண்டிருக்கும், கீழே ஒரு சொட்டு வராது. புதிதாகத் தோட்டம் வாங்கி வருகிறவர்கள் இங்கேதான் தோற்றுப்போய் மோட்டாருக்கு அலைவார்களாம்.

பெரியவரின் வைத்தியம் எளிது. ஒவ்வொரு மேட்டு உச்சியிலும் ஹோஸின் முதுகில் ஆணி நுனியளவு ஒரு துளை. அதன் மேல் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். கோடையில் ஊற்று குறைந்து ஓட்டம் நின்றுபோனால், மேலிருந்து கீழாக ஒவ்வொரு டியூப் ரப்பரையும் விலக்கிக்கொண்டே வருவார். முதலில் உஸ்ஸென்று காற்று, பிறகு எச்சில் தெறிப்பதைப்போல நுரை, பிறகு நூலாகத் தண்ணீர். தண்ணீர் வந்ததும் ரப்பரை இழுத்து மூடிவிட்டு அடுத்த மேட்டுக்கு நடை. எனக்காக ஒன்றைத் திறந்து காட்டினார். நீர் என் சட்டையில் பீய்ச்சியதில் அவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி.

ஊற்று வாயில் சருகு அடைக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் குடத்தைச் சூடான கம்பியால் துளைத்து, மேலே கொசுவலையைச் சுற்றிப் புதைத்திருக்கிறார். வலையை வாரம் ஒரு முறை அலசினால் போதும். காட்டுமாடு ஹோஸை மிதிப்பதற்குத்தான் மருந்தில்லை. மிதித்த இடத்தை அறுத்து, உள்ளே ஒரு துண்டுக் குழாய் செருகி, கட்டுக்கம்பி போட்டு முறுக்கிவிடுகிறார். முழு ஹோஸிலும் அப்படி எத்தனை ஒட்டு என்று அவரே எண்ணியதில்லை.

குடிசையில் ஒரு சோலார் விளக்கு இருந்தது. எரியவில்லை. திறக்கலாம் என்று பார்த்தால் திருகாணியே இல்லை, இரு பாதியையும் சேர்த்து உருக்கி ஒட்டியிருந்தார்கள். உடைத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்று வருட உத்தரவாதம் என்று அட்டையில் அச்சிட்டிருந்ததாம், அட்டையும் போய்விட்டது. திருப்புளி போட முடியாத எதையும் தோட்டத்துக்கு வாங்காதீர்கள் என்று பெரியவரிடம் சொன்னேன். "ஹோஸுக்குத் திருகாணி இல்லை, ஆனால் அறுக்க முடிகிறது" என்றார். சரிதான்.

நான்காம் நாள்: திண்டுக்கல் கடைத்தெரு

இன்று எழுத அதிகம் இல்லை. நாளை அரவக்குறிச்சிப் பக்கம் ஒரு முருங்கைத் தோட்டத்தில் பம்பு ஒன்று அமைக்க வேண்டும். அதற்கான சாமான்கள் வாங்கினேன். முதல் கடையில் 40 வாட் என்று எழுதிய பேனலைக் கொடுத்தார்கள். பார்த்ததுமே உதைத்தது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் விழும். நல்ல பேனல் அதில் ஆறில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதலாக, மின்சாரமாக்கும். 40 வாட் வேண்டுமென்றால் கால் சதுர மீட்டராவது இருந்தே ஆக வேண்டும். இது அதில் பாதிகூட இல்லை. பின்னால் ஒட்டிய தாளில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், பரப்பை அச்சடிக்க முடியாது. அடுத்த கடையில் அளந்து வாங்கினேன்.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் தொலைந்தால் யாருக்கும் தெரியாது, பன்னிரண்டில் தொலைந்தால் பம்பு முனகும். பேனலுக்கும் பம்புக்கும் பதினைந்து மீட்டர் என்றால் போக வர முப்பது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் இரண்டு ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் வாங்கினேன். கடைக்காரர் மெல்லியதே போதும் என்று கடைசி வரை வாதாடினார்.

ஐந்தாம் நாள்: அரவக்குறிச்சி

வேடசந்தூர் வழியாகக் கரூர் பஸ். முருங்கையும் காற்றும் நிறைந்த ஊர். தோட்டம் ஒரு ஏக்கருக்கும் கீழே. தம்பி ஒருவரும் அவருடைய அம்மாவும் பார்த்துக்கொள்கிறார்கள். எண்பது முருங்கைக் கன்றுகள் வைத்திருக்கிறார்கள். பழைய கிணறு ஒன்று இருக்கிறது, வாயில் கமலை ஓட்டிய கற்கள் இன்னும் நிற்கின்றன. அம்மாவுக்கு அவருடைய மாமனார் மாடு கட்டி இறைத்தது நினைவிருக்கிறது. இப்போது தண்ணீர் எட்டு மீட்டர் ஆழத்தில்.

கன்றுகளுக்கு அம்மா வைத்திருப்பது பானைப் பாசனம். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சாண் தள்ளி ஐந்து லிட்டர் மண்பானை, கழுத்து வரை புதைத்து, வாயில் ஓட்டுச்சில்லு மூடி. பானையின் நுண்துளை வழியே நீர் கசிகிறது. மண் காய்ந்திருந்தால் கூடுதலாக இழுக்கும், ஈரமாக இருந்தால் தானே நிற்கும். வாரத்துக்கு இரண்டு முறை நிரப்பினால் கன்று தழைக்கிறது. பொங்கல் முடிந்து விற்காமல் தங்கிய பானைகளை மலிவாக வாங்கியதாகச் சொன்னார். அவற்றில் சில நன்றாக வெந்து இறுகியிருந்ததால் கசிவதில்லை. குயவரிடம் சொல்லி, களிமண்ணில் உமி கலந்து தனியாகச் செய்துகொண்டார். சுடும்போது உமி எரிந்து துளை விடும். உப்புத் தண்ணீர்தான் இதற்கு எதிரி. பானையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துத் துளை அடைத்துவிடும், தேய்த்தாலும் சில காலம்தான்.

மகனுக்குச் சொட்டுநீர் மேல் ஆசை. சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியம் இருக்கிறதே என்கிறார். இருக்கிறது. ஆனால் வழக்கமான சொட்டுவானுக்கு ஒரு கிலோ அழுத்தம் வேண்டும். ஒரு மீட்டர் மேடையில் வைத்த இருநூறு லிட்டர் டிரம் தருவது அதில் பத்தில் ஒரு பங்கு. அந்த அழுத்தத்தில் மெல்லிய நுண்குழாய்கள்தான் சொட்டும். பிரதமரின் குசும் திட்டத்தில் (2019) சோலார் பம்பு வாங்கலாமா என்றும் கேட்டார். பக்கத்துத் தோட்டத்தில் 5 குதிரைத்திறனில் ஒன்று ஓடுகிறது. மத்திய அரசு முப்பது, மாநில அரசு முப்பது சதவீதம் தந்தாலும், மீதியைப் புரட்ட இவர்களால் இயலாது. எண்பது கன்றுக்கு அவ்வளவு பெரிய பம்பும் தேவையில்லை.

தேவை எவ்வளவு? வாரத்துக்கு எண்ணூறு லிட்டர். ஆயிரம் லிட்டரைப் பத்து மீட்டர் தூக்க இயற்கை கேட்பது இருபத்தேழு வாட்-மணிதான். சின்னப் பம்பின் வீணடிப்பையும் சேர்த்து நூறு என்று வைத்தாலும் 40 வாட் பேனலுக்கு அது ஒரு பகல் வேலை. மருந்து தெளிப்பானில் வரும் அதே 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு, நிமிடத்துக்கு நாலு லிட்டர். இது உறிஞ்சுவதில் சோம்பேறி, தள்ளுவதில் சூரன். கிணற்று மேட்டில் வைத்தால் எட்டு மீட்டரை உறிஞ்சாது. தண்ணீருக்கு ஒரு மீட்டர் மேலே, படிக்கல்லில் கட்டித் தொங்கவிட்டோம். மழைக்காலத்தில் நீர் ஏறும்போது பம்பையும் ஏற்றிக் கட்ட வேண்டும். தம்பி அதற்காகவே கயிற்றில் இரண்டு முடிச்சு வைத்துக்கொண்டார். பேனலிலிருந்து நேராகப் பம்புக்கு வயர், நடுவில் ஒரு ஃபியூஸும் சுவிட்சும் மட்டும்.

எட்டு மணி வெயிலில் பம்பு உறுமியதோடு சரி, சுழலவில்லை. தொடங்குவதற்கு வேண்டிய ஆம்பியர் அப்போது பேனலில் இல்லை. ஒன்பதேகாலுக்குத் தானாகவே கிளம்பியது. மேகம் கடந்தபோது நின்றது, வெயில் வந்ததும் மறுபடி கிளம்பியது. டிரம் நிரம்ப முக்கால் மணி நேரம் கொஞ்சம் தாண்டியது.

"ஒரு பேட்டரி வைத்துவிட்டால் நிற்காமல் ஓடுமே அண்ணா" என்றார் தம்பி. அதற்கென்று பணமும் ஒதுக்கி வைத்திருந்தார். விளக்குக்கு என்றால் பேட்டரி வேண்டும், வெளிச்சத்தைப் பானையில் பிடித்துவைக்க முடியாது. தண்ணீரை வைக்கலாம். மூன்று வருடத்தில் சாகிற பேட்டரிக்குப் பதில் இன்னொரு டிரம் வாங்கலாமே என்றேன். அம்மா உடனே அந்தப் பக்கம் சாய்ந்தார். இரண்டாவது டிரம்மில் மகன் நுண்குழாய் போட்டுப் பாதிக் கன்றுகளுக்கு விடுவார், மீதிப் பாதி அம்மாவின் பானைகள். அப்படி முடிவானது. நாளைக்குக் கரூர் பழைய சாமான் கடையில் டிரம் பார்க்கப் போகிறார்கள். சாயப்பட்டறையிலிருந்து வந்ததை எவ்வளவு கழுவியும் நம்ப வேண்டாம், சமையல் எண்ணெய் வந்த டிரம்தானா என்று மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு மூன்று மணிப் பஸ்ஸைப் பிடித்தேன்.